கணினித் திரையும் காலப்பிரமாணமும்

அசைவை ஆக்கிக் காட்டும் கலை பழமை வாய்ந்தது. தோற்பாவைக் கூத்தில் விளக்கொளியின் முன் ஆடும் பாவை உண்மையாகவே அசைகின்றது. திரைப்படத்திலோ அசைவதொன்றும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் அசையாப் படங்களைக் கண்ணும் மனமும் இணைத்து, அவற்றை இயக்கமெனக் கொள்கின்றன. 1832 ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர் யோசப் பிளாற்றோ, சுழலுந் தட்டொன்றில் வரைந்த சிறு படங்களைக் கொண்டு இவ்வுண்மையைச் செய்துகாட்டினார். 1920 களின் இறுதியில் பேசும்படம் பரவியபோது, செக்கனுக்கு 24 படங்கள் என்னும் அளவு திரைப்பட உலகில் நிலைபெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கணினியும் திரை பெற்றது. செக்கனுக்குப் பல இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றவல்ல பொறிக்குச் சில பத்துப் படங்களை மாற்றிக்காட்டுதல் எளிதெனவே எவருங் கருதுவர். வரலாறோ வேறொன்றைக் காட்டுகின்றது. 1985 ஆம் ஆண்டில் வீட்டுப் பாவனைக்கென விற்கப்பட்ட ஒரு கணினி முழுத்திரையிலும் வழுவழுவென்று அசைத்துக் காட்டிய படத்தை, 1993 ஆம் ஆண்டில் அதனினும் பன்மடங்கு விரைவுடைய அலுவலகக் கணினி தன் சாளரங்களின் நடுவே தட்டுத்தடுமாறியே அசைத்தது. வல்லமை பெருகப் பெருகத் திறன் குன்றியதுபோன்ற இம்முரண்பாடு எங்ஙனம் நேர்ந்தது என்பதும், அது எவ்வாறு நீங்கியது என்பதும் ஆராயத்தக்கன. கணினியின் வேகம் ஒன்றினால் மட்டும் இதற்கு விடை காண்டல் இயலாது. ஒரு திரையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையிலேயே இதன் வேர் உள்ளது.

கதிரின் ஒழுங்கு

அக்காலக் கணினித் திரைகளுட் பெரும்பாலானவை தொலைக்காட்சிப் பெட்டியைப் போலவே கதோட்டுக் கதிர்க் குழாயினால் அமைந்தவை. குழாயின் பின்புறத்திலிருந்து புறப்படும் இலத்திரன் கதிர், முன்புறக் கண்ணாடியின் உட்பூச்சைத் தாக்கி ஒளிரச் செய்யும். அக்கதிர் இடமிருந்து வலமாக வரிவரியாகச் சென்று, கீழ்க்கோடியை அடைந்ததும் மீண்டும் மேலே திரும்பும். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையிற் செக்கனுக்கு 50 முறையும், அமெரிக்க முறையில் ஏறத்தாழ 60 முறையும் இது நிகழும்.

கதிர் எழுதவேண்டிய புள்ளிகளின் நிறங்களைக் கணினி தன் நினைவகத்தின் ஒரு பகுதியில் வைத்திருக்கும். அதனைத் திரை நினைவகம் எனலாம். படத்தை மாற்றவேண்டுமாயின் அந்நினைவகத்தில் எழுதப்பட்டதை மாற்றவேண்டும். கதிர் பாதி வழி சென்றிருக்கும்போது அதனை மாற்றின், திரையின் மேற்பாதியிற் பழைய படமும் கீழ்ப்பாதியிற் புதிய படமுந் தோன்றும். ஓடுங் குதிரையின் உடல் இடையில் வெட்டுண்டு, மேற்பகுதி பின்னும் கீழ்ப்பகுதி முன்னுமாகக் காணப்படும். பழைய உருவை அழித்துப் புதிய உருவை எழுதுவதற்கிடையிற் கதிர் வந்துவிடின், உரு மினுங்கி மறையும்.

இதற்கு இரு பரிகாரங்கள் உள. கதிர் கீழ்க்கோடியிலிருந்து மேலே திரும்பும் சிறு இடைவேளையிற் படத்தை மாற்றுதல் ஒன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட வீ.ஜீ.ஏ. முறையிற் செக்கனுக்கு ஏறத்தாழ 60 படங்கள் காட்டப்படும். ஒவ்வொரு படத்துக்கும் 525 வரிகள். அவற்றுள் 480 மட்டுமே கண்ணுக்குப் புலனாவன. எஞ்சிய 45 வரிகளின் நேரம், ஒரு செக்கனை ஆயிரங் கூறிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கூறேயாம். அந்நேரத்துள் முழுத்திரையையும் எழுதி முடித்தல் அக்காலப் பொறிகளுக்கு இயலாத காரியம். ஆகவே இரண்டாவது பரிகாரம் வேண்டப்பட்டது. நினைவகத்தில் இரு திரைகளை வைத்து, ஒன்றைக் காட்டிக்கொண்டு மற்றதில் அடுத்த படத்தை எழுதி, கதிர் மேலே திரும்பும் கணத்தில் இரண்டையும் இடம் மாற்றுவதே அது. நாடக மேடையில் முன்திரைக்குப் பின்னால் அடுத்த காட்சியை ஆயத்தஞ் செய்வதை இஃது ஒக்கும்.

இவ்விரண்டும் வேகத்தைக் காட்டிலும் நேரந் தவறாமையையே வேண்டி நிற்பன. மிருதங்கம் வாசிப்பவர் எத்துணை விரைவாக வாசிப்பினும், காலப்பிரமாணம் பிசகின் ஆடுபவரின் அடி தடுமாறும். அதுபோலவே, ஒரு செக்கனில் 60 படங்களை ஒழுங்கின்றித் தருவதினும் 30 படங்களைத் தாளந் தவறாது தருவதே கண்ணுக்கு இனிமை பயக்கும். இவ்வுண்மையை மனத்திருத்திக்கொண்டு வரலாற்றைத் தொடர்தல் நன்று.

சாளரங்களின் தோற்றம்

செரொக்ஸ் நிறுவனம் 1970 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்ற்றோ நகரில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவிற்று. அங்கு 1973 ஆம் ஆண்டில் ஆல்ற்றோ என்னுங் கணினி உருவானது. அதன் திரை அகலத்தில் 606 புள்ளிகளும் உயரத்தில் 808 புள்ளிகளும் கொண்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஒரு பிட் ஒதுக்கப்பட்டது. திரை முழுமைக்கும் வேண்டப்பட்ட நினைவகம் 61,000 பைட்டுக்குச் சற்று மேல். தொடக்கத்தில் அக்கணினியின் மொத்த நினைவகமோ 128 கிலோபைட்டே. ஏறத்தாழப் பாதியைத் திரையே விழுங்கிற்று என்க.

திரையைப் புள்ளிகளின் வயலாகக் கொண்டமையால், எழுத்தும் கோடும் படமும் வேறுபாடின்றி அதில் இடம்பெற்றன. 1975 ஆம் ஆண்டில் டான் இங்கோல்ஸ் என்பார், செவ்வக வடிவான புள்ளித் தொகுதியொன்றை ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்கு விரைந்து பெயர்க்கும் பிற்-பிளிற் என்னும் முறையை வகுத்தார். பின்னர் வந்த வரைவியற் பணிசெயல் முறைமைகள் யாவும் இம்முறைக்குக் கடன்பட்டன.

ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்குஞ் சாளரங்களும் அங்கேயே வளர்ந்தன. சாளரம் என்பது வெறுஞ் சட்டமன்று. அஃது ஓர் உடன்படிக்கை. திரை ஒரு பெருநிலமெனின், ஒவ்வொரு செய்நிரலுக்கும் அதில் ஒரு காணி உண்டு. தன் வேலிக்குள் எதனையும் எழுதலாம், அயற்காணியில் எழுதலாகாது. வேலிகளைக் காப்பது பணிசெயல் முறைமையின் கடன். இவ்வேற்பாட்டினாற் பல பணிகள் ஒரே திரையிற் பக்கம் பக்கமாக நடைபெற்றன. ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் எழுதுமுன் அஃது எவர் காணியிலுள்ளது என வினவவேண்டிய கடப்பாடும் உடன்வந்தது. முழுத்திரை அசைபடத்தின் இடர்ப்பாடு இங்கேயே தொடங்குகின்றது.

மக்கின்டோஷின் சிக்கனம்

அப்பிள் நிறுவனம் 1984 ஆம் ஆண்டு சனவரி 24 ஆம் நாள் மக்கின்டோஷ் கணினியை வெளியிட்டது. அதன் திரை 512 புள்ளி அகலமும் 342 புள்ளி உயரமும் உடையது. கறுப்பு, வெள்ளை என்னும் இரு நிலைகளே அதற்குண்டு. திரை நினைவகத்துக்கு 21,888 பைட் போதுமாயிற்று. பில் அற்கின்சன் எழுதிய குவிக்டுரோ என்னும் வரைவியற் பகுதி, எத்தகைய ஒழுங்கற்ற வடிவுடைய எல்லைக்குள்ளும் வரையுந் திறன் பெற்றிருந்தது. ஒரு சாளரத்தின்மேல் வேறு மூன்று சாளரங்கள் கவிந்து கிடப்பினும், வெளியே தெரியும் மூலையில் மட்டும் அது வழுவின்றி எழுதிற்று.

அக்கணினியின் வன்பொருளில் இரண்டாவது திரைக்கும் வழி வகுக்கப்பட்டிருந்தது. எனினும் இரு திரைகளுக்கும் 43,776 பைட் வேண்டும். அது 128 கிலோபைட் நினைவகத்தில் மூன்றிலொரு பங்கு. பயனர் எழுதும் கடிதத்துக்கும் செய்நிரலுக்கும் இடம் வேண்டியிருக்கையில், இவ்வளவை அசைபடத்துக்கு ஈதல் அருமையாயிற்று. ஆகவே சுட்டியைப் பிடித்துச் சாளரத்தை இழுக்கும்போது சாளரம் அசையவில்லை. அதன் புறக்கோட்டின் நிழலுரு மட்டுமே அசைந்தது. கையை விட்டபின்னரே சாளரம் புதிய இடத்திற் குடிபுகுந்தது. அக்காலச் சாளர முறைமைகள் பலவும் இச்சிக்கனத்தையே கைக்கொண்டன. 1988 ஆம் ஆண்டில் வெளிவந்த நெக்ஸ்ற் கணினி, சாளரத்தை அதன் உள்ளடக்கத்தோடு முழுமையாக இழுத்துக் காட்டியபோது, கண்டோர் அதனைப் புதுமையெனப் போற்றினர்.

அமிகாவின் தாளம்

வேறொரு நெறியிற் சென்றது அமிகா. ஜே மைனர் என்னும் பொறியியலறிஞரின் தலைமையில் உருவாகி, கொமடோர் நிறுவனத்தின் கைக்கு வந்த இக்கணினி, 1985 ஆம் ஆண்டு யூலை மாதம் நியூ யோர்க் நகரில் வெளியிடப்பெற்றது. இதன் மையச் செயலி மக்கின்டோஷிலிருந்த அதே 68000 வகையினது. வேகமும் அதனிற் சற்றுக் குறைவே. வேறுபாடு அதன் துணைச் சில்லுகளிலேயே இருந்தது. அக்னஸ், டெனிஸ், போலா எனப் பெயர்பெற்ற மூன்று சில்லுகள் படத்தையும் ஒலியையும் ஏற்றுநடத்தின.

அக்னசினுள் அமைந்த கொப்பர் என்னும் சிறுபகுதி இவ்வரலாற்றிற் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அஃது இலத்திரன் கதிர் திரையின் எந்த வரியில் நிற்கின்றதென்பதை ஓயாது நோக்கி, குறித்த வரி வந்ததும் நிறத்தையோ திரை நினைவகத்தின் முகவரியையோ மாற்றும். கதிரின் தாளத்துக்குக் கட்டுப்பட்ட நட்டுவனாரெனவே அதனைக் கூறலாம். அதனருகிலிருந்த பிளிற்றர், மையச் செயலியின் உதவியின்றியே புள்ளித் தொகுதிகளைப் பெயர்த்தது.

வெளியீட்டுக்கு முன்னரே, 1984 ஆம் ஆண்டின் மின்னணுப் பொருட்காட்சியில் இவ்வாற்றல் மெய்ப்பிக்கப்பட்டது. டேல் லக், ஆர். ஜே. மைக்கல் ஆகிய இருவரும் எழுதிய காட்சியில், சிவப்பும் வெள்ளையுமான கட்டங்களையுடைய பெரும் பந்தொன்று சுழன்றபடி துள்ளிற்று. உண்மையிற் பந்து புள்ளி புள்ளியாக மீள வரையப்படவில்லை. நிறங்களை முறைமாற்றியதாற் சுழற்சி தோன்றியது. படத்தளத்தின் இருப்பிடத்தை வன்பொருள் நகர்த்தியதால் துள்ளல் தோன்றியது. மையச் செயலி பெரும்பாலும் ஓய்ந்தேயிருந்தது. 1986 ஆம் ஆண்டில் எரிக் கிரகாம் ஆக்கிய காட்சியில், கண்ணாடிப் பந்துகளை எறிந்து பிடிக்கும் ஓர் உருவம் தோன்றிற்று. ஒவ்வொரு படத்தையுங் கணித்தற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றது. அவ்வாறு கணித்த 24 படங்கள் மட்டுமே சுழன்று சுழன்று முடிவிலா ஆட்டமாயின.

அமிகாவிலுஞ் சாளரங்கள் இருந்தன. பல பணிகளை ஒருங்கே நடத்தும் ஆற்றலும் இருந்தது. ஆயினும் அதன் முறைமை, செய்நிரலுக்குத் தனிச் சாளரத்தை மட்டுமன்றித் தனித் திரையையே வழங்கத் தயங்கவில்லை. மேலுள்ள திரையைச் சுட்டியாற் கீழே இழுத்தால், பின்னாலுள்ள வேறு திரை தன் நிறங்களோடும் அளவோடும் வெளிப்பட்டது. கதிர் எல்லைக்கோட்டை அடையுங் கணத்திற் கொப்பர் திரையை மாற்றியமையே இவ்விந்தையின் இரகசியம்.

இந்நெறிக்குங் குறையுண்டு. சில்லுகளின் நுட்பத்தை நேரடியாகப் பற்றி எழுதப்பட்ட செய்நிரல்கள் அச்சில்லுகளுக்கே அடிமையாயின. வன்பொருளைப் புதுக்கினாற் பழைய செய்நிரல்கள் பழுதுபடும் என்னும் அச்சம் வளர்ச்சிக்குத் தளையாயிற்று. 1994 ஆம் ஆண்டு ஏப்பிரலிற் கொமடோர் நிறுவனம் தன் தொழிலை முடித்துக்கொண்டது.

விண்டோசின் நடுநிலை

மைக்ரோசொப்ட் நிறுவனம் 1985 நவம்பரில் விண்டோசின் முதற் பதிப்பை வெளியிட்டது. 1990 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பும் 1992 ஆம் ஆண்டின் 3.1 பதிப்புமே அதனைப் பெருவழக்காக்கின. அம்முறைமை ஒரு நிறுவனத்தின் பொறிக்கென அமைந்ததன்று. எண்ணற்ற உற்பத்தியாளர்கள் வெவ்வேறு வகையிற் செய்த வரைவியல் அட்டைகளனைத்திலும் ஒரே செய்நிரல் இயங்கவேண்டுமென்பதே அதன் நோக்கம். ஆகவே செய்நிரல் திரையைத் தொடுதல் விலக்கப்பட்டது. அது விண்டோசிடம் வேண்டுகோள் விடுக்கும். விண்டோஸ் அதனை அட்டைக்குரிய சாதன இயக்கியிடம் ஒப்படைக்கும். இயக்கியே திரையில் எழுதும். கடிதத்துக்குங் கணக்கேட்டுக்கும் இவ்வொழுங்கு பெருநன்மை செய்தது. அசைபடத்துக்கோ நான்கு வகையாற் கேடு விளைத்தது.

முதலாவது, பாதையின் நெருக்கடி. 256 நிறங்களுடைய 640 × 480 புள்ளித் திரைக்கு 307,200 பைட் வேண்டும். செக்கனுக்கு 30 முறை அதனை மாற்றுவதாயின் 92 இலட்சம் பைட் கடக்கவேண்டும். அக்காலக் கணினிகளின் ஐ.எஸ்.ஏ. பாட்டையோ, ஏட்டளவிலேயே செக்கனுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் பைட்டையே சுமக்கவல்லது.

இரண்டாவது, நிறத்தின் பங்கீடு. 256 நிறங்களுள் 20 நிறங்களை விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. எஞ்சியவற்றுக்குச் செய்நிரல்கள் போட்டியிட்டன. ஒன்று தனக்கு வேண்டிய நிறங்களைப் பெற்றதும், பின்னிருந்த சாளரத்தின் படம் விகாரமடைந்தது.

மூன்றாவது, காலத்தின் பங்கீடு. விண்டோஸ் 3.1 இல் ஒரு செய்நிரல் தானே விட்டுக்கொடுத்தாலன்றி மற்றொன்று இயங்காது. பொதுவான கடிகாரச் செய்தியும் செக்கனுக்கு ஏறத்தாழ 18 முறைக்குமேல் வருவதில்லை. அதுவும் வேறு பணி முடியுங்காறும் காத்துக்கிடக்கும்.

நான்காவதும் முதன்மையானதும், கதிரை அறியாமை. திரையிற் கதிர் எங்குளது என்பதை அறியவோ, இரு திரைகளைக் கணத்தில் இடம் மாற்றவோ அம்முறைமையின் வரைவியற் பகுதி வழி தரவில்லை. தாளத்தை அறியாதவிடத்து ஆட்டம் எங்ஙனஞ் சிறக்கும்?

இதனால் அசைபடத்தின்மேல் நாட்டமுடையோர் விண்டோசை விட்டு வெளியேறினர். பழைய டொஸ் முறைமையில் இயங்குஞ் செய்நிரலுக்கு முழுத்திரையும் உரிமை, தடை கூறுவாரில்லை. 1990 ஆம் ஆண்டிற் ஜோன் கார்மக், மாறிய பகுதிகளை மட்டும் மீள எழுதுமொரு முறையினாற் சாதாரண ஐ.பி.எம். வகைக் கணினியிலும் பின்னணிக் காட்சியை வழுவழுப்பாக நகரச் செய்தார். 1991 ஆம் ஆண்டில் மைக்கல் அப்ராஷ் வெளிப்படுத்திய மோட் எக்ஸ் என்னும் முறை, வீ.ஜீ.ஏ. அட்டையில் 320 × 240 புள்ளிகளோடு திரைகளை இடம் மாற்றவும் வழி காட்டிற்று. 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் என்னும் விளையாட்டு இந்நெறியின் சிகரம். அதனை ஆட விரும்பியோர் விண்டோசை மூடிவிட்டு டொசுக்குத் திரும்பவேண்டியிருந்தது. மக்கின்டோஷிலும் நிலை பெரிதும் வேறன்று. 1991 டிசம்பரில் அப்பிள் வெளியிட்ட குவிக்டைம், அசையும் படத்தைச் சாளரத்துள் கொணர்ந்த பெருமையுடையது. ஆயினும் தொடக்கத்தில் அப்படம் 160 × 120 புள்ளிகள் கொண்ட சிறுதுண்டே. அஞ்சல் முத்திரை என அதனை நகையாடினர்.

1994 ஆம் ஆண்டின் நத்தார்

இக்குறையை நீக்க மைக்ரோசொப்ட் நிறுவனத்திற் கிறிஸ் ஹெக்கர் என்பார் வின்-ஜீ என்னும் பகுதியை ஆக்கினார். 1994 ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. செய்நிரல் தானே நேரடியாக எழுதத்தக்க நினைவகப் படமொன்றை அது வழங்கி, அப்படத்தை மிக விரைவான வழியில் திரைக்கு அனுப்பிற்று. எந்த அட்டைக்கு எவ்வழி விரைவானது என்பதைத் தானே சோதித்தும் அறிந்தது. டூம் விளையாட்டையும் விண்டோசுக்குள் இயக்கிக் காட்டினர்.

அவ்வாண்டு நத்தாரையொட்டி டிஸ்னி நிறுவனம் ‘த லயன் கிங்’ திரைப்படத்தைத் தழுவிய அசைபடக் கதைநூலொன்றை வின்-ஜீயின் துணையோடு வெளியிட்டது. பெற்றோர் பலர் புதுக் கணினியையும் அந்நூலையும் ஒருங்கே வாங்கிப் பிள்ளைகளுக்கு அளித்தனர். பண்டிகைக் காலையிற் பல வீடுகளிற் சிங்கக்குட்டி தோன்றவில்லை, கணினியே நிலைகுலைந்தது. புதிதாகச் சந்தைக்கு வந்த சில கணினிகளின் சாதன இயக்கிகள் வின்-ஜீயுடன் சோதிக்கப்படாதவை. முறைப்பாடுகள் குவிந்தன. அட்டைகளின் பன்மையை மறைத்து யாவருக்கும் ஒரே வழி தருவதாகக் கூறிய முறைமை, அப்பன்மையினாலேயே தோற்றது. பிள்ளைகளின் ஏமாற்றத்துக்கு வேகக் குறைவு காரணமன்று. பொறிக்கும் முறைமைக்குமிடையே நம்பத்தக்க உடன்படிக்கை இன்மையே காரணம்.

அந்நிறுவனத்தில் அலெக்ஸ் சென்ற் யோன், கிறெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ற்றோம் ஆகிய மூவரும் புதிய உடன்படிக்கையொன்றை வகுத்தனர். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளியாகி, அடுத்த மாதத்தில் அதற்குத் துணையாக டைரக்ட்-எக்ஸ் வந்தது. அதன் டைரக்ட்-டுரோ என்னும் உறுப்பு, செய்நிரலொன்றுக்கு முழுத்திரையையும் தனியுரிமையாக வழங்கிற்று. திரையின் புள்ளியளவை மாற்றலாம். இரு திரைகளை வைத்து, கதிர் மேலே திரும்புங் கணத்தில் இடம் மாற்றலாம். அட்டையின் ஆற்றல்களை நேரே பயன்படுத்தலாம். ஆயின் அவ்வுரிமை நிலையானதன்று. பயனர் வேறு பணிக்குத் திரும்பின், செய்நிரல் திரையை ஒப்படைத்து நீங்கவேண்டும். மீண்டு வரும்போது அட்டை நினைவகத்திலிருந்த அதன் படங்கள் அழிந்திருக்கக்கூடும். அவற்றை மறுபடி எழுதிக்கொள்ளவேண்டும். காணியின் உரித்தைக் கைவிடாது, குறித்த காலத்துக்குக் குத்தகை கொடுத்தமை போன்றது இவ்வேற்பாடு.

வேலிக்குள்ளும் அசைவு

குத்தகை முறை விளையாட்டுக்கு உதவியது. சாளரங்களின் நாளாந்த வாழ்வுக்கு உதவவில்லை. அங்குத் தீர்வு அடுத்த பத்தாண்டிலேயே வந்தது. 2001 ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான மக் ஓ.எஸ். எக்ஸ், ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி நினைவகம் வழங்கிற்று. செய்நிரல் அதில் எழுதும். தொகுப்பி என்னும் ஒரு பகுதியே சாளரங்களைத் திரையில் ஒன்றுசேர்க்கும். 2002 ஆம் ஆண்டில் அத்தொகுப்பு வேலை வரைவியல் அட்டைக்கு மாற்றப்பட்டது. 2007 சனவரியிற் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவும் இந்நெறியைப் பின்பற்றிற்று. செய்நிரல்கள் தத்தம் வேலிக்குள் நின்று எழுத, தாளத்தைப் பேணும் பொறுப்பை ஒருவரே ஏற்றமையால், பங்கீடும் ஒழுங்கும் முதன்முறையாக ஒருங்கிசைந்தன. மக்கின்டோஷுக்கு நினைவகத்தில் மூன்றிலொரு பங்கைக் கேட்டு அச்சுறுத்திய இரட்டைத் திரை, இப்போது ஒவ்வொரு சாளரத்துக்கும் எளிதிற் கிடைத்தது.

இவ்வரலாற்றை நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். அமிகா தாளத்தைப் பேணிற்று. தன் பொறியைக் கடந்து வாழும் வழியைப் பெறவில்லை. விண்டோஸ் எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாய் நின்றது, தாளத்தை இழந்தது. வேகமிக்க சில்லுகள் வந்தமை மட்டும் இக்குறையைத் தீர்க்கவில்லை. வேகம் வந்த பின்னும் பல்லாண்டு தடுமாற்றம் தொடர்ந்தது. பலரும் பகிரும் ஒரு பொருளில் எவருக்கு எவ்வளவு இடம் என வகுத்தால் மட்டும் போதாது, எவருக்கு எக்கணம் என்பதையும் வகுக்கவேண்டும் என்னுந் தெளிவு பிறந்தபோதே அது தீர்ந்தது. இன்று கைப்பேசியின் திரையை விரலால் தள்ளும்போது அதன் பக்கம் நீர்போல் ஓடுகின்றது. அவ்வோட்டத்தின் பின்னே, இடத்தையுங் காலத்தையும் ஒருங்கே பங்கிடக் கற்ற முப்பதாண்டு உழைப்பு மறைந்து கிடக்கின்றது.